ஸ்டெல்லா: ஐந்து பேர், கடலில்

ஜின்சியின் ஸ்கூட்டர் பொழியூர் தாண்டி மணல் பாதையில் இறங்கியபோது மணி நாலரைதான். ஆனால் வானத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏழு மணி என்று சத்தியம் செய்திருப்பார்கள். துலாம் மாதத்து மழைமேகம் கடல்மேல் குனிந்து நின்றது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பாறசாலையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. கடைகளில், ஆஸ்பத்திரிகளில் சுவரில் தொங்கும் பெரிய திரைகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கணினி ஒளிந்திருக்கும். அதற்கு லினக்ஸ் ஏற்றுவது, அது மக்கர் பண்ணினால் ஓடிப்போய்ச் சரிசெய்வது, இரண்டும் ஜின்சியின் பாடு. நெய்யாற்றின்கரை நகைக்கடையில் வளையல் சுழல்வதும், பனச்சமூடு பேக்கரியில் பப்ஸ் ஆவி பறப்பதும் அவள் கைங்கரியம்தான்.

இன்று அவள் போகும் கடற்கரை ஊரின் திரையில் வளையலும் இல்லை, பப்ஸும் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் அடித்த புயலில் எந்த வள்ளம் கடலில் இருக்கிறது, எது கரையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போனது. அந்த வேதனைக்குப் பிறகு மீனவர் சங்கம் வைத்த பலகை இது. கடலுக்குப் போகும் ஒவ்வொரு வள்ளத்தின் பெயர், எத்தனை பேர், எங்கே இருக்கிறது என்று மூன்று கட்டம். போனதும் ‘கடலில்’ என்று வரும். திரும்பியதும் ‘கரையேறியது’ என்று மாறும். மாலையானால் பெண்கள் கடலைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள்.

‘கரையேறியது’ என்ற வார்த்தையைப் போடுவதற்கு இங்கே ஒரு கறாரான வழக்கம் உண்டு. வள்ளம் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. இஞ்சின் சத்தம் கேட்டால் போதாது. கரைக்கு நூறடி தள்ளி அலை மடங்குகிற இடத்தில் கவிழ்ந்த வள்ளங்கள் எத்தனையோ. ஆள் மணலில் கால் வைத்த பிறகுதான் ‘வந்துட்டான்’ என்று வாயைத் திறப்பார்கள். அதுவரை பெற்ற தாய் கூட மூச்சு விட மாட்டாள்.

சங்கக் கட்டடம் முன்பு வலை போட்டு வைக்கும் கொட்டகையாக இருந்தது. வெள்ளை அடித்து வருடங்கள் ஆகின்றன. பழைய நைலான் வாடையும், காய்ந்த மீன் செதிள் வாடையும் சுவரோடு ஒட்டிக்கொண்டு போக மறுத்தன. வராந்தாவில் சங்கச் செயலாளர் பொன்னுதாஸ் கைகட்டி நின்றார். அறுபது வயது மனிதர், சாதாரணமாக வாய் ஓயாதவர். இன்று ஏனோ அடக்கமாக இருந்தார்.

"வா மக்கா. வழியில மழையா?"

"பாறசாலை முழுக்க மழைதான் மாமா. எந்த வள்ளமாக்கும் தப்பாட்டு காணுது? போன்ல ஒண்ணும் வெளங்கல்ல."

அவர் தலையால் சுவரைக் காட்டினார்.

திரையில் ஏழு வரிகள் இருந்தன. கரையேறிய வள்ளம் பச்சை, கடலில் இருப்பது மஞ்சள். முதல் ஆறு வரிகளில் நான்கு பச்சை. இரண்டு மஞ்சள். அதில் ஒன்று நிக்கோலஸ் மாமாவின் ‘ஆவே மரியா’. 4 பேர், கடலில். அந்த நாலு பேரில் ஒருவன் ஜின்சியின் தம்பி லிண்டோ.

ஏழாவது வரியும் மஞ்சள்தான்.

ஸ்டெல்லா. 5 பேர். கடலில்.

ஜின்சி திரைக்கு அருகே போய் நின்றாள். ஸ்டெல்லா அவள் அப்பாவின் வள்ளம். எட்டு வருடத்துக்கு முன் அந்தப் புயலில் அப்பாவும் நாலு பேரும் அதில் போனார்கள். வள்ளமும் வரவில்லை, உடலும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டு கூட வரவில்லை.

"நான் பத்துத் தடவ அழிச்சாச்சு" என்றார் பொன்னுதாஸ் தாழ்ந்த குரலில். "கரண்டு போயிட்டு வந்தா பின்னயும் வருது. பெண்ணுங்க இங்கோட்டு பாக்கவே பேடிக்குதாங்க. பேரு சொன்னா நீ வரமாட்டியோன்னு நெனச்சு சொல்லல்ல."

"நான்தான் மாமா எழுதினேன்."

"நீயா? என்னத்துக்கு?"

என்னத்துக்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன், இந்தக் குட்டிக் கணினிக்கான முதல் மெமரி கார்டைத் தயார் செய்த அன்று, கட்டங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க ஏதாவது ஒரு வள்ளத்தின் பெயர் வேண்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒன்று இரண்டு மூன்று என்று தட்டியிருப்பார்கள். அவள் கை ஸ்டெல்லா என்று தட்டியது. ஆள் எண்ணிக்கை ஐந்து. மூன்றாவது கட்டத்தில் வந்து விரல் நின்றது. ‘கரையேறியது’ என்று எப்படிப் போடுவது? வராதவர்களை வந்ததாக எழுத மனம் ஒப்பவில்லை. ‘கடலில்’ என்று போட்டாள். அது பொய்யில்லையே.

பிறகு கார்டைப் பூட்டினாள். கரண்டு நிமிடத்துக்கொரு முறை போகும் ஊரில் கார்டைத் திறந்து வைப்பதும், காக்கை இருக்கும் இடத்தில் கருவாட்டைத் திறந்து வைப்பதும் ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போனால் கார்டு நாசமாகிவிடும். அதனால் பூட்டிவிடுவார்கள். பூட்டிய கார்டில் பகலில் என்ன மாற்றினாலும் நிலைக்காது. கரண்டு போய் வந்தால் பெட்டி பூட்டிய அன்றைக்கு இருந்தபடியே மறுபடி கண் விழிக்கும். அன்றாட வள்ளங்களின் விவரம் மட்டும் சங்க அறைக் கணினியிலிருந்து வந்து நிரம்பும்.

அந்த முதல் கார்டு மேசை இழுப்பறையில் கிடந்தது. பத்து நாளைக்கு முன் இங்கிருந்த கார்டு கெட்டுப்போக, அவசரத்தில் கைக்கு அகப்பட்ட அதையே நகல் எடுத்துப் போட்டுவிட்டாள். உள்ளே ஸ்டெல்லா கிடப்பதை மறந்தே போனாள். விஷயம் இவ்வளவுதான்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல மாமா. என் பொறுப்பில்லாத்தனமாக்கும். பூட்டைத் தொறந்து அழிச்சுட்டா தீர்ந்துச்சு."

பொன்னுதாஸ் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை. "பேரு எழுதிக் கடலுக்கு அனுப்பின வள்ளத்தை அப்படியே விடப்படாது மக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சங்க அறையில் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டிருந்தது.

ஜின்சி திரைக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தாள். குட்டிக் கணினியின் பச்சை விளக்கு சிமிட்டியது. மடிக்கணினியை மடியில் வைத்து ஒயரைச் செருகி, வராந்தாத் தரையில் உட்கார்ந்தாள். எதிரே கடல். அலை வந்து மடங்கும் சத்தம் மட்டும் கேட்டது. காகம் ஒன்று கூட இல்லை.

பூட்டைத் திறக்கும் கட்டளையைக் கொடுத்தாள். பெட்டி அணைந்தது. அதனோடு திரையும் கறுத்தது. ஒரு நிமிடம் கழித்து எழுத்துகள் கடகடவென்று ஓடி, பலகை மறுபடி வந்தது. இனி எழுதுவது எதுவும் நிலைக்கும். அழித்தால் அழிந்ததுதான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மீன் வாடை இல்லை. கிணற்றடியில் வெகுநாள் கிடந்த ஈரத் துணியின் வாடை. கூடவே மண்ணெண்ணெய்.

அப்பா கடலிலிருந்து வந்தால் சட்டையில் அப்படித்தான் வீசும்.

ஜின்சி நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

ஸ்டெல்லா. 6 பேர். கடலில்.

அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மடிக்கணினியைப் பார்த்தாள். கார்டில் இருக்கும் வரி அங்கே தெளிவாகத் தெரிந்தது. 5. அவள் தட்டிய அதே ஐந்து. திரையை மறுபடி பார்த்தாள். 6.

பழைய படம் எங்காவது தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரை நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினாள். இரண்டு முறை தப்பாகத் தட்டினாள்.

திரை கறுத்து, வெளுத்து, வந்தது.

ஆறு.

மேலே நான்காவது வரிக்கு அவள் கண் போனது. போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு நினைத்தாள்.

ஆவே மரியா. 3 பேர். கடலில்.

"மாமா!"

பொன்னுதாஸ் ஓடி வந்தார். ஜின்சி கை நீட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், உள்ளே போய்ச் சங்கக் கணினியைப் பார்த்தார், திரும்பி வந்தார்.

"நான் நாலுண்ணுதான் போட்டிருக்கேன். இப்பவும் அதுல நாலுதான் கெடக்கு."

"நிக்கோலஸ் மாமாவைக் கூப்பிடுங்க. வயர்லெஸ்ல கூப்பிடுங்க."

"மக்கா, மெஷீன் ஏதோ..."

"மெஷீன் என்னோடதாக்கும். எனக்குத் தெரியும். கூப்பிடுங்க!"

அவர் கூப்பிட்டார். கரகரப்பு. மறுபடி கூப்பிட்டார். ஜின்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லிண்டோவுக்கு இருபத்திநாலு வயது. அடுத்த மாதம் துபாய்க்கு விசா வரும் என்று உறுதியாகியிருந்தது. அப்பா போன பிறகு அவனைக் கடலிலிருந்து பிடுங்கி எங்காவது தரையில் நட்டுவிட வேண்டும் என்று எட்டு வருடமாக அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அம்மா அல்போன்சம்மா இன்றைக்கும் அப்பாவுக்காக இறந்தோர் பூசை வைக்க விடவில்லை. உடல் வராத ஆளுக்கு எப்படிப் பூசை வைப்பது என்று கேட்பாள். அந்த வீட்டில் கடலுக்குக் கொடுக்க இன்னொரு ஆள் இல்லை.

வயர்லெஸ் உயிர் பெற்றது. நிக்கோலஸின் குரல், காற்றில் கிழிந்து கிழிந்து வந்தது.

"...விழுந்துட்டான்... லிண்டோ... அலை தூக்கி அடிச்சு... தேடுறோம்... காணல்ல, காணல்ல..."

பிறகு வெறும் இரைச்சல்.

ஜின்சி அழவில்லை. அழுவதற்கு நேரம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. வராந்தாவுக்கு ஓடி வந்து மடிக்கணினியின் முன் விழுந்தாள். கர்சர் ஸ்டெல்லாவின் வரியில் துடித்துக்கொண்டிருந்தது. இந்த வரியை அழிக்கத்தானே வந்தாள். அழிக்கும் பொத்தானில் விரலை வைத்தாள்.

விரல் நின்றது.

அந்த வரியில் இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். ஐந்து பேரும் லிண்டோவும். அழித்தால் ஆறும் போகும். பூட்டுத் திறந்து கிடக்கிறது. போனது திரும்பாது.

தரையில் ஏதோ சொட்டியது. வராந்தாக் கூரையில் ஒழுக்கு இல்லை. மழையும் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால், ஒருவர் நின்றால் எவ்வளவு தூரத்தில் நிற்பாரோ அந்தத் தூரத்தில், நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பவில்லை.

கூடவே இன்னொரு சொட்டு. இன்னொன்று. வரிசையாக நிற்பவர்களின் சட்டை நுனிகளிலிருந்து சொட்டினால் அப்படித்தான் கேட்கும். காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள். பெயர் எழுதி, தலை எண்ணி, கடலில் என்று போட்டு அனுப்பிய பெண், திரும்பி வந்ததாக ஒரு வார்த்தை எழுதுவாள் என்று.

அவள் மூன்றாவது கட்டத்தில் இருந்த ‘கடலில்’ என்பதை அழித்தாள். க என்று தட்டினாள்.

"எந்தா மக்கா செய்யுதே?" பொன்னுதாஸ் வாசலில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. "வேண்டாம். கால் மணலில படாத ஆளுக்கு அந்த வார்த்தையப் போடப்படாது. நம்ம கரையில இது நாள் வரை ஒருத்தனும் போட்டதில்ல."

"என் தம்பி அதுக்குள்ள கெடக்கான் மாமா."

"அவங்க கரையேறினா எங்க போவாங்கண்ணு நெனச்சியா?"

அவள் நினைக்கவில்லை. நினைக்கிற நிலையிலும் இல்லை. ஆண்டவரே என் தம்பியைத் தா என்று ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. ‘கரையேறியது’ என்று தட்டி முடித்துப் பதிந்தாள்.

திரையில் மஞ்சள் வரி பச்சையானது.

ஸ்டெல்லா. 6 பேர். கரையேறியது.

முதுகுக்குப் பின்னால் சொட்டுவது நின்றது. ஈரக் கால்கள் சிமென்டுத் தரையில் பதிந்து பதிந்து எடுபடும் சத்தம். ஒருவர் பின் ஒருவராக வராந்தாவிலிருந்து இறங்கி, மணலுக்குப் போய், ஊர்ப்பக்கம் தேய்ந்து மறைந்தது. ஈரத் துணி வாடையும் அதோடு போனது. பொன்னுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டே நின்றார். அவர் கண்டாரா, எதைக் கண்டார் என்று அவள் கேட்கவில்லை.

உள்ளே வயர்லெஸ் கத்தியது.

"கிட்டியாச்சு! எலே, கிட்டியாச்சு! லிண்டோ கிட்டியாச்சு! உயிர் உண்டு! கரைக்கு வாறோம்!"

அப்போதுதான் ஜின்சி அழுதாள். வராந்தாத் தூணைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். பொன்னுதாஸ் அவள் தலையில் கை வைத்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஆவே மரியா அலையைத் தாண்டி மணலில் மூக்கை இடித்து நின்றது. மழை பிடித்துக்கொண்டது. நாலு பேர் இறங்கினார்கள். ஜின்சி ஒவ்வொரு தலையாக எண்ணினாள். நாலாவது தலை லிண்டோ.

"ஒரு கால் மணிக்கூறு வெள்ளத்துக்கடியில கெடந்தான்" என்றார் நிக்கோலஸ். லிண்டோவைப் பார்க்காமல் ஜின்சியிடம் பேசினார். "நாங்க தேடுறத விட்டாச்சு. பின்ன பாத்தா வள்ளத்தைப் பிடிச்சுகிட்டு நிக்கான். யாரோ அடியிலேருந்து தூக்கி விட்ட மாதிரி. மாதாவோட கிருபையாக்கும்." அதற்கு மேல் அவர் நிற்கவில்லை. மற்ற இரண்டு பேரும் லிண்டோவுக்குத் தள்ளித்தான் நடந்தார்கள்.

வராந்தாவில் பெஞ்சுப் பக்கம் அவனைக் கொண்டுவந்து நிறுத்தி, போர்வை போர்த்தி, கட்டன் சாயா கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை. கையைப் பிடித்தால் ஐஸ் பெட்டிக்குள் விட்டது போலிருந்தது. தண்ணீரில் கிடந்தவன், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பேசு லிண்டோ. ஏதாவது சொல்லு."

அவன் ஊர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. இரண்டு துண்டு நனைந்தாகிவிட்டது. வழிவது நிற்கவில்லை.

ஜின்சியின் போன் அடித்தது. அம்மா.

அம்மாவுக்கு இன்னும் யாரும் எதையும் சொல்லவில்லை. நல்ல செய்தியைத் தானே சொல்லலாம் என்று அவள் போனைக் காதில் வைத்தாள். அம்மா முந்திக்கொண்டாள். குரலை மிகவும் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ தூங்குவது போலப் பேசினாள்.

"மக்கா... அப்பா வந்திருக்காரு."

ஜின்சி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சன்னல் வழியாட்டு பாத்தேன். அதே சட்டை. கூடப் போன நாலு பேரும் உண்டு. மழையில வாசல்ல நிக்காங்க. சும்மா கதவையே பாத்துகிட்டு நிக்காங்க."

"அம்மா, கதவத் தொறக்காத. கேக்குதா? நான் வாறேன். தொறக்காத."

"எப்படி மக்கா தொறக்காம இருக்க?" அம்மாவின் குரல் உடைந்தது. "நம்ம லிண்டோவும் கூட நிக்கான். பின்னால, கடைசியாட்டு. குளிர்ல விறைக்கான் என் பிள்ள."

ஜின்சி மெல்லத் தலையைத் தூக்கினாள்.

லிண்டோ அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கரைக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"தொறக்கச் சொல்லு அக்கா" என்றான். "எவ்வளவு நேரமாட்டு வாசல்ல நனைஞ்சுகிட்டு நிக்கேன்."

"அம்மா, வேண்டாம்!" என்று ஜின்சி கத்தினாள்.

போனில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

வராந்தாவின் சமதரையில் நின்றிருந்த லிண்டோ, வாசல்படி ஏறுகிறவனைப் போல வலது காலைத் தூக்கி முன்னால் வைத்தான்.